இருநூற்று ஐம்பத்தைந்து

ஊபியில் நான்காவது மாடி. ஏழு மணிக்குக்
கட்டடத்தின் குளிர்சாதனம் தானாக அணைந்துவிடும்.
அதற்குப் பிறகு நானும்
பாதி குடித்த கோப்பி-ஓவும்
மேசைமேல் இரண்டு கறுப்புப் பெட்டிகளும்.

ஒரே கப்பலில் வந்தவை.
ஒரே ஒட்டுத்தாள், ஒரே மாடல் எண்,
வட்டு செருக ஆளுக்கு நான்கு வாய்.
ஒன்று சொன்னபடி சுழல்கிறது.
மற்றது
சுழலச் சொன்னால் நிற்கிறது,
நிற்கச் சொன்னால் சீறுகிறது.

பழுது என்றுதான் நினைத்தேன்.
அப்படி நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில்
தேக்காவில் நெய்னா முகம்மதின் பெட்டி காய்ந்தது.
பதினோரு வருடக் கல்யாணங்கள் அதற்குள்.
நிக்காஹ் கையெழுத்துகள், தாலி முடிச்சுகள்,
பந்தியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன
யாரோ ஒரு தாய்மாமன்.

நாற்பத்தொன்று. நாற்பத்தேழு. ஐம்பத்திரண்டு.
சூடு ஏற ஏற என் நிரல்
கடமை தவறாமல் எழுதியது: 255.
இன்னும் வேகம், இன்னும் வேகம் என்ற பதற்றம் அதற்கு.
அந்தப் பலகையின் கம்பிகளுக்கோ
255 என்றால் முழு ஓய்வு.
காப்பாற்ற நீட்டிய கையே
மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது இரவெல்லாம்.

ஒரு வட்டு போயிற்று.
மிச்ச மூன்றும் கூடிக் கணக்குப் போட்டு
போனது சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டன.
ஒரு படம்கூடக் குறையவில்லை.
நெய்னா ஏசவும் இல்லை.
“தங்கச்சி, இதுக்கு மூச்சு விடத் தெரியலையோ?”
என்று மட்டும் கேட்டார்.
ஏசியிருக்கலாம்.

லினக்ஸிடம் கேட்டேன், இது யார் என்று.
பலகையின் பெயர்?
“தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது.”
வரிசை எண்?
ஒன்று இரண்டு மூன்று நான்கு, ஒன்பது வரை.
அடுத்த பெட்டியும் எழுத்துப் பிசகாமல்
அதையே ஒப்பித்தது.
நிரப்பவேண்டியவர் எந்த ஊர்த் தொழிற்சாலையில்
சாப்பாட்டு மணிக்கு எழுந்து போனாரோ.

மூடிகளைக் கழற்றினேன்.
மின்தேக்கியின் நிழலில், நொய் அரிசி அளவில்
வெள்ளை எழுத்து: 1.1.
மற்றதில் 1.2.
சரி, எனக்குக் கண் இருக்கிறது.
நிரலுக்கு?

“எழுதித்தான் பாரேன்,” என்றான் ஸுல்கிஃப்லி,
“சுற்று ஏறுதா இறங்குதா, அதுவே சொல்லும்.”
சொல்லும். ஆனால் தவறான முகவரியில் தட்டினால்
மொத்தப் பெட்டியும் உறைந்துவிடுவதை
இருமுறை பார்த்தவள் நான்.

இரண்டின் உதிரிப் பட்டியல்களையும்
பக்கம் பக்கமாக வைத்து வரிவரியாக இறங்கினேன்.
எல்லாம் ஒன்று, எல்லாம் ஒன்று,
பதினேழாம் வரியில் மட்டும்
யூஎஸ்பி சில்லின் எண் வேறு.
சில காசு மிச்சம் பிடிக்க
யாரோ மாற்றியிருக்கிறார்கள்.
விசிறிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.
ஆனாலும் போதும்.
எங்கள் புளோக்கில், நடைபாதையோரம்
கதவுக்கு வெளியே கிடக்கும் செருப்பை வைத்து
உள்ளே வந்திருப்பது யாரென்று சொல்லிவிடுவோமே,
அப்படி.

கடைசி ரயிலுக்கு முன் முடித்தேன்.
பழைய சில் என்றால் நேராக எழுது.
புதிய சில் என்றால் தலைகீழாக எழுது.
இரண்டும் இல்லை என்றால்

இந்த மூன்றாவது வரிக்குத்தான்
முக்கால் மணி நேரம் ஆனது.

கை வைக்காதே.
மின்சாரம் கிடைத்ததும் எந்தப் பலகையும்
முழுமூச்சாகத்தான் விசிறியைச் சுழற்றும்,
யாராவது வந்து அடக்கும்வரை.
தெரியாத ஒன்றை அடக்க வேண்டாம்.
கத்தட்டும்.

இன்று காலை புக்கிட் மேராவிலிருந்து திருமதி ஓங்.
கணக்கர் அலுவலகம், ஆறு மேசை.
புதிய நிரல் ஏற்றியதிலிருந்து
விமானம் இறங்குவதுபோல இரைகிறதாம் பெட்டி,
வாடிக்கையாளர் சொல்வது எதுவும் கேட்கவில்லையாம்,
என்ன வேலை செய்கிறீர்கள் நீங்கள்.

மன்னிப்புக் கேட்டேன். குரலில்
சிரிப்பு தெரிந்திருக்கும், அவர் இன்னும் கோபப்பட்டார்.

மூன்றாவது!

பையில் டார்ச், நட்சத்திரத் திருப்புளி.
அதன் வாசலில் என்ன செருப்பு கிடக்கிறதோ.